அறுபது பேரும் ஒரு நீராளியும்

ஜூன் 24, செவ்வாய்

பாறசாலையில் பஸ் ஏறும்போதே மழை. நெய்யாற்றின்கரை வரை ஒற்றைக் காலில் நின்றேன். லேபில் பதினோரு பல் காத்திருந்தன, எல்லாம் கடைவாய்ப் பல். யாரும் பார்க்காத இடம்தான். ஆனாலும் ஒவ்வொன்றின் குழிக்குள்ளும் லேசாகக் காப்பி நிறம் தொட்டு வைத்தேன். என் குணம் அது. டார்ச் அடித்துப் பார்க்கிறவன்கூட இது ஜிஷா செய்த பொய்ப்பல் என்று கண்டுபிடிக்கக் கூடாது.

மதியம் ஒருவன் வந்தான். முன்பல் உடைந்தவர்களை டாக்டர் நேராக எங்கள் லேபுக்கு அனுப்பிவிடுவார், பக்கத்துப் பல்லோடு நிறம் ஒப்பிட. பெயர் அனூஜ். திருவனந்தபுரத்துக்காரன், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவனாக இருப்பான். நான் அவன் வாய்க்குப் பக்கத்தில் பீங்கான் மாதிரிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் என் மேஜையில் கிடந்த நாலைந்து மயிர் மட்டும் உள்ள பிரஷையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடலாம் என்றதும் பையைத் திறந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆள். என் கட்டைவிரலில் பாதி உயரம். கையில் மீன் குத்தும் ஈட்டி, இடுப்பில் கயிறு, தாடி, தாடிக்குள் ஒரு கோணல் சிரிப்பு. இவ்வளவும் அதற்குள்.

அவனும் நண்பர்களும் சேர்ந்து பலகை விளையாட்டு செய்கிறார்களாம். 'கடல்வாசல்' என்று பெயர். ஒரு கோட்டை, அதைப் பிடிக்க வரும் கடற்கொள்ளையர், இரண்டு கூட்டத்தையும் தின்ன வரும் நண்டு மனிதர்கள். காய்கள் எல்லாம் இப்படிப்பட்ட குட்டி ஆட்கள். நிறம் தீட்ட ஆளில்லை. "சேச்சி ஒரெண்ணம் சும்மா செய்து நோக்கு" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஆளைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். பையில் போட மனம் வரவில்லை.

ஜூன் 25, புதன்

ஷார்ஜாவிலிருந்து பொன்னுதாஸ் மாமன் கூப்பிட்டார். அங்கே ஒரு பெரிய பல் லேபில் எனக்கு இடம் பேசி வைத்திருக்கிறார். வருகிறேன், இல்லை, இரண்டில் ஒன்றை ஜூலை முப்பத்தொன்றுக்குள் சொல்ல வேண்டுமாம். எனக்குப் பதிலாக அம்மா எப்போதோ சொல்லிவிட்ட முகத்தோடு நடக்கிறாள். "உனக்க வயசில உள்ளதுவ ஒக்க லண்டனுக்குப் போவுது. நீ இந்தப் பஸ்சில தொங்கிக்கிட்டு கெட."

எனக்குப் போக விருப்பமில்லை. அதை இங்கே எழுதலாம், வீட்டில் சொல்ல முடியாது. விருப்பமில்லை என்பது எங்கள் வீட்டில் காரணமாகாது. இங்கே எனக்கு இன்ன வேலை இருக்கிறது என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட என்ன இருக்கிறது என்னிடம்? லேபில் நான் மூன்றாவது ஆள்.

ஜூன் 29, ஞாயிறு

முடித்துவிட்டேன். சர்ச் ஆராதனை விட்டு வந்து உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழவில்லை. எல்லா நாளையும் சேர்த்தால் பதினோரு மணி நேரம்.

அந்த ஆளுக்கு இப்போது கண் இருக்கிறது. கண்ணுக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் கருமணி, கருமணிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி. கீழிமையில் சிவப்புக் கோடு, கள் குடித்தவன் என்று தெரியட்டுமே. நகத்தில் அழுக்கு வைத்தேன். பல்லும் வைத்தேன், அதில் ஒன்று சொத்தை. எத்தனை வருஷமாக வாய் மட்டும் செய்துகொண்டிருந்தேன், இன்று வாயைச் சுற்றி முழு ஆளே கிடைத்தான்.

அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "கொள்ளாம் மக்கா, இவன் இப்பம் ஏசுவான்போல இருக்கு" என்றார். அப்பா ஒன்றைக் கொள்ளாம், நல்லது என்று சொல்வது லேசில் நடக்காது. அம்மா பார்க்கவில்லை. மேஜை முழுக்கப் பெயின்ட் என்றாள்.

எனக்கு உள்ளே என்னவோ துள்ளுகிறது. முதல் சம்பள நாளில்கூட இப்படி இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

அனூஜ் பல் நிறம் சரிபார்க்க வந்தான். ஆளைக் காட்டினேன். வாங்கினான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான், எவ்வளவு நேரம் ஆனது?

சொன்னேன். சிரித்துவிட்டான். புது முன்பல் இல்லாத சிரிப்பு.

அவன் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது. சேச்சி, இது கண்ணாடி அலமாரியில் வைக்க நல்லது. எனக்கு வேண்டியது மேஜையில் விளையாட. விளையாடுகிறவன் கை நீளத் தூரத்தில் இருந்துதான் பார்ப்பான், ஒருவனை அல்ல, இருபது பேரை ஒன்றாக. அந்தத் தூரத்தில் நன்றாக இருந்தால் மதி.

மதியாம், போதுமாம். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அவன் அடுத்துச் சொன்னதில் கோபம் மறந்து போனது. ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை, திருவனந்தபுரத்தில் விளையாட்டுக்காரர்கள் கூடும் ஒரு விழா. அங்கேதான் கடல்வாசலை முதன்முதலாக வெளியே வைக்கிறார்கள். மொத்தம் அறுபத்தொன்று. கொள்ளையர் இருபது, கோட்டைக் காவலர் இருபது, நண்டு மனிதர் பதினாறு, தலைவர்கள் நாலு, பிறகு என் கை அகலத்துக்கு ஒரு நீராளி, எட்டுக் கையும் விரித்துக்கொண்டு. இது சரியாக வந்தால் கடைகளில் வைக்கும் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் நிறம் தீட்டும் வேலை எனக்கே. மாதாமாதம் உண்டு.

பெட்டியை வாங்கிக்கொண்டேன். யோசிக்கவே இல்லை.

ஜூலை 2, புதன்

இப்போது யோசிக்கிறேன். ஆளுக்குப் பதினோரு மணி நேரம் என்றால் கிறிஸ்துமஸ் தாண்டிப் போகும். அதற்குள் நான் ஷார்ஜாவில் அரபிகளுக்குப் பல் செய்துகொண்டிருப்பேன்.

வேகம் வேண்டும். ஆனால் அசிங்கமாகவும் இருக்கக் கூடாது. ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்?

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு இப்போது தெரிந்துவிட்டது, என் தவறு என்ன என்று.

பல் லேபில் ஒரு பல் என்றால் ஒரு மனிதன். ஒன்றை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவோம். அதே பழக்கத்தில் இங்கேயும் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு, கால் முதல் தலை வரை, சட்டை நிறம் கலக்கி, கழுவி, பெல்ட் நிறம் கலக்கி, கழுவி. பாதி நேரம் நிறம் கலக்குவதிலும் பிரஷ் கழுவுவதிலும் போய்விடுகிறது.

அப்பாவிடம் ஒரு ரப்பர்மரச் சட்டம் கேட்டேன். நீளவாக்கில் அதில் பத்துக் கொள்ளையரை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டினேன். முதலில் எல்லோருக்கும் கறுப்புப் பூச்சு. அது காய்ந்ததும் தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே, உச்சி வெயில் விழுகிற மாதிரி. அவ்வளவுதான் செய்தேன், பத்துப் பேருக்கும் நிழல் தானாக வந்துவிட்டது. தாடிக்கடியில் கறுப்பு, மூக்கின்மேல் வெள்ளை. நான் எதுவும் வரையவில்லை. நிழலை யாரோ முன்பே வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

பிறகு பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து ஒரே நிறத்தைப் பத்துப் பேருக்கும். பத்துக் காற்சட்டை, பிறகு பத்துச் சட்டை, பிறகு பத்து முகம். நீர்த்த பெயின்ட் பள்ளத்தில் தங்கி இருட்டாகிறது, மேட்டில் மெலிந்து வெளுக்கிறது. கடைசி ஆளுக்கு அடித்து முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருக்கிறான். காத்திருக்க வேண்டியதே இல்லை.

கடைசியில் பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய காய்ந்த மயிரால் ஒரு தடவல். தாடி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

நாலரை மணி நேரத்தில் பத்துப் பேர். சட்டத்தை ஜன்னலில் வைத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரும் சண்டைக்கு வருகிறார்கள். சிரித்துவிட்டேன், தனியாக. "என்ன பிள்ளே, கிறுக்கு பிடிச்சா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

பஸ்ஸுக்கு முன்னால் இருபத்தைந்து நிமிஷம் கிடைத்தது. அடுத்த ஒன்பது பேருக்கும் பூட்ஸ் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூலை 10, வியாழன்

கை கேட்கவில்லை. இன்று ஒரு கொள்ளையனுக்குக் கண் வரைந்தேன், யாருக்கும் தெரியாமல், திருடி மாதிரி. வரைந்ததும் அவன் மட்டும் பாம்பைக் கண்டவன் போல முழிக்கிறான், மற்ற ஒன்பது பேரும் இயல்பாக நிற்கிறார்கள். வழித்தெடுத்துவிட்டேன். கண்குழியில் தங்கிய நிழலே போதுமாக இருக்கிறது. போதும் என்று எழுதவே கை கூசுகிறது. பழகுவேன்.

ஜூலை 13, ஞாயிறு

கொள்ளையர் பத்தொன்பது பேர் முடிந்தார்கள் (இருபதாவது அந்தப் பதினோரு மணி நேரக்காரன், அலமாரியில் இருக்கிறான்). நண்டு மனிதர் பதினாறும் முடிந்தார்கள். வாரத்தில் முப்பத்தைந்து. நானா? நான்தான்.

ஜூலை 16, புதன்

மூன்று நாளாக விடாத மழை. மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு அடித்தேன், அது காயவே இல்லை. தொட்டால் விரல் ஒட்டுகிறது. எல்லோரையும் ஒரு தட்டில் வைத்து மின்விசிறிக்கடியில் வைத்திருக்கிறேன். காற்றே ஈரம், விசிறி என்ன செய்யும். "உணங்கல்லியோ மக்கா?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார்.

ஜூலை 17, வியாழன்

எழுத முடியல்ல.

லேபில் இருந்து வந்தேன். தட்டைக் காணோம். அம்மாவிடம் கேட்டேன், "அப்பா எடுத்துக்கிட்டுப் போனாரு, உணக்கித் தாறேன்னு" என்றாள். அப்பா ஆரியங்கோட்டில் குத்தகைக்கு எடுத்து ரப்பர் பால் வெட்டும் தோட்டத்தில் ஒரு புகைப்புரை உண்டு. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு அடியில் விறகு மூட்டிப் புகை போடுவார்கள், எந்த மழையிலும் காயும். அங்கே கொண்டு வைத்திருக்கிறார். காலையில் இருந்து சாயங்காலம் வரை.

தட்டோடு வந்தார். எல்லாம் ஒரே காப்பி நிறம். மேலே பிசுபிசுவென்று புகைக்கறை. சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஈட்டி எல்லாம் வாடிய கீரைத்தண்டு மாதிரி தொங்குது. நண்டுக் கைகள் கவிழ்ந்து கெடக்கு. வீடெல்லாம் ஷீட்டு மணம்.

கத்தினேன். என்னெல்லாம் சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "உங்களுக்கு உலகத்தில உள்ளது ஒக்க ரப்பர் ஷீட்டுதானா" என்று கேட்டேன், அது ஞாபகம் இருக்கிறது. அப்பா தட்டை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனார். இன்னும் ஒன்பது நாள். ஐம்பத்தொன்பது பேரும் நீராளியும் பாக்கி. அம்மா சொல்கிறாள், "போட்டு. நமக்குச் சொன்னது இல்ல இது. மாமனுக்கு விளிச்சுச் சொல்லட்டா?"

ஜூலை 18, வெள்ளி

லேபில் சினியிடம் சொன்னேன். என் பக்கத்து மேஜை அவள், நான் அழுதால் முதலில் சிரிப்பவள். சிரித்துவிட்டுக் கேட்டாள், "நம்ம தொட்டி எதுக்கு இருக்கு?"

லேபில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. தண்ணீரை உள்ளுக்குள் நடுங்க வைத்து, செய்த பல்லின் இடுக்கில் உள்ள மெழுகையும் பொடியையும் கழுவி எடுக்கும். லேப் முதலாளி வங்கிக்குப் போன நேரம். அவளிடம் காட்டலாம் என்று நான் பாதிப் பேரைச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தேன். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி, பத்துப் பத்தாக இறக்கினோம். தண்ணீர் கட்டன்சாயா நிறமாக மாறியது. வெளியே எடுத்தால் ஆட்கள் மறுபடி சாம்பல். பெயின்ட்டும் புகையும் சேர்ந்து போய்விட்டன. பல் லேப் தொட்டியில் பத்துக் கொள்ளையர் குளிக்கிறார்கள், சினி சிரித்துச் சிரித்து ஸ்டூலில் இருந்து விழப் பார்த்தாள்.

எனக்கு உயிர் வந்துவிட்டது. செய்யலாம். ஒருமுறை செய்தேன்தானே, இப்போது வழி தெரியும்.

ஜூலை 19, சனி

மீதிப் பேரையும் கழுவினோம். நண்டுகளின் இடுக்கில் மட்டும் புகைக்கறை போகவே இல்லை. ஓட்டு மடிப்பில் நல்ல செம்பழுப்பு. பார்த்தேன், பார்த்தேன். நிஜ நண்டு அப்படித்தானே இருக்கும்? விட்டுவிட்டேன். அதன்மேல் நீர்த்த சிவப்பு ஒரு கை மட்டும் போதும். பதினாறு நண்டுக்கும் ஒரு வேலை மிச்சம்.

வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் அதிசயம். சாயா போட வைத்த வெந்நீரில் அம்மா, நேற்றுக் கழுவி வைத்த கொள்ளையரை ஒவ்வொருத்தராக முக்குகிறாள். இளகிய ஈட்டியை விரலால் நிமிர்த்தி, பக்கத்தில் பச்சைத் தண்ணீர்ச் சட்டியில் போடுகிறாள். எடுத்தால் ஈட்டி நேராக நிற்கிறது. யார் சொன்னது என்று கேட்டேன். "சூட்டில வளஞ்சது சூட்டிலதான் நிமிரும். இதுக்கு ஆரு சொல்லணும்" என்றாள். என்னைப் பார்க்காமலே அடுத்த ஆளை எடுத்தாள். பிறகு, "இவனுக்கு மூக்கு கொள்ளாம்" என்றாள், தனக்குத்தானே.

அப்பா வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை, "நான் அப்படிக் கத்தியிருக்கப்பிடாது அப்பா" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "உனக்கு உணங்கட்டுமேண்ணு நெனச்சேன் மக்கா. மத்தது ஒண்ணும் நெனைக்கல்ல." அவருக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்தேன், கொள்ளையர் குளித்த பாத்திரத்தில் அல்ல.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனையில் உபதேசியார் என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவரின் நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் உடுப்பு நீலம் கிடைத்துவிட்டது. மூன்று சட்டம், ஒவ்வொன்றிலும் பதின்மூன்று பேர், கடைசிச் சட்டம் முடியும்போது முதல் சட்டம் காய்ந்திருக்கும். கொள்ளையரும் காவலரும் ஒரே தோல்நிறம், ஒரே பூட்ஸ், ஒரே இரும்பு. ஆகவே இரண்டு படைக்கும் சேர்த்து ஒரே ஓட்டம். நாள் முழுக்க முப்பத்தொன்பது பேரும் என் கைக்குள் ஓடினார்கள். கை வலிக்கிறது. சுகமான வலி.

ஜூலை 23, புதன்

அம்மாவுக்கு வேலை கொடுத்தேன். கொடுத்தேன் என்ன, அவளே பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு ஆளும் நிற்கும் வட்டத்தட்டின் விளிம்புக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். அதை அடித்தால்தான் ஆள் முடிந்த ஆளாகத் தெரிவான், அதுவரை பாதி உடுத்தியவன் மாதிரி இருப்பான். எனக்கு அதில் பொறுமை இல்லை. அம்மா தட்டை இடக்கையில் சுற்றிக்கொண்டே பிரஷை அசையாமல் பிடிக்கிறாள். ஒரே சுற்று, கோடு வெளியே போகாது. "இதில என்ன இருக்கு, அப்பம் சுடுகதுபோல" என்றாள். ஆனால் நான் ஒன்றுக்கு அடித்ததைப் பார்த்துவிட்டு, "அதை இஞ்ச தா" என்று வாங்கித் திருத்தினாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை, கேரளத்தில் வாவு பலி, லேப் லீவு. நாலு தலைவர்களும் நீராளியும் இன்று ஒரே நாளில். தலைவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் அனுமதித்துக்கொண்டேன், முகத்துக்கும் கைக்கும் மட்டும். நீராளிக்கு ஊதா, அதன்மேல் காய்ந்த பிரஷால் ரோஸ். எட்டுக் கையிலும் உள்ள வட்டங்களுக்குத் தனித்தனியாக அடிக்கவில்லை. ஒரு தடவல், எல்லாம் எழுந்தன. அப்பா வந்து, "இது கடியாதே?" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

எல்லாம் முடிந்து மேஜையில் நிறுத்தினேன். கொள்ளையர் கூட்டத்தில் ஏதோ உறுத்தியது. அந்தப் பதினோரு மணி நேரக்காரன். அருமையான ஆள், ஆனால் கூட்டத்தில் நிற்கவில்லை. மற்ற பத்தொன்பது பேரும் சண்டைக்குப் போகிறார்கள், இவன் போட்டோ எடுக்க வந்தவன் மாதிரி நிற்கிறான். கண் மட்டும் மினுங்குகிறது.

அரை மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொத்தைப்பல், அந்தச் சிவப்புக் கோடு. பிறகு கறுப்பு அடித்தேன், முழுக்க. மேலிருந்து வெள்ளை. மற்றவர்களுக்குப் போட்ட அதே சட்டை, அதே பூட்ஸ். நாற்பது நிமிஷத்தில் இருபதாவது கொள்ளையன் ஆனான். அம்மா விளிம்பு அடித்தாள். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இருபது பேரும் ஒன்றாக வந்தார்கள்.

ஜூலை 26, சனி

துணைக்கு வருகிறேன் என்று அம்மா சொன்னாள். எனக்கா, பெட்டிக்கா என்று கேட்கவில்லை. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வரை பெட்டி அவள் மடியில். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னதற்கு, "உள்ள ஆளு உண்டு" என்றாள்.

பெரிய ஹால். எங்கும் மேஜை, எங்கும் ஆட்கள் குனிந்து உட்கார்ந்து எதையோ நகர்த்துகிறார்கள். அனூஜ் கடல்வாசல் மேஜையில் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவராக எடுத்து நிறுத்தினான். பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், புதுப் பல் தெரிய. நான் செய்த பல். "சேச்சி, இந்த நண்டுக்கு எந்தக் கம்பெனி சாயம்?" என்றான். நாட்டுச் சாயம் என்றேன். வெள்ளறடையில் இருந்து வந்த ஒருவர் நண்டை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இதினு ஷீட்டின்றெ மணம் உண்டல்லோ" என்றார். ரப்பர்க்காரர் மூக்கை ஏமாற்ற முடியாது.

பத்து மணிக்கு விளையாட்டு தொடங்கியது. நாலு பேர் ஆடினார்கள், பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். யாராவது ஒருத்தன் ஆளைக் கண்ணருகே கொண்டுபோய், கண் எங்கே என்று கேட்பான் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் கோட்டைக்குள் நின்ற கொள்ளையனைக் காட்டி, "இயாள் என்னெத் தன்னெ நோக்குன்னு" என்றாள். அவளையே பார்க்கிறானாம். கண்ணே இல்லாதவன் அவன்.

அதற்குப் பிறகு யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. கோட்டை விழுமா என்பதுதான் பேச்சு. நீராளி மேஜைக்கு வந்தபோது நாலு பேரும் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்கள். ஒருவர் வேகத்தில் காவலன் ஒருவனைத் தட்டிவிட, பின்னால் இருந்து அம்மா குரல், "மெதுவா வையும் மக்கா, ஈட்டி வளஞ்சிரும்." அவர் பயந்து இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

மதியம் ஒருவர் வந்து இதையெல்லாம் யார் நிறம் தீட்டியது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "ஞங்ஙளாக்கும்" என்றாள். நாங்கள்தானாம்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். காலிப்பெட்டி அப்போதும் மடியில். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து நாளில் மாமனுக்குப் பதில் சொல்ல வேண்டும், அனூஜ் இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஜூலை 28, திங்கள்

அனூஜ் செய்தி அனுப்பினான். கடைகளுக்குப் பத்துப் பெட்டி, ஓணத்துக்குப் பிறகு இன்னும். முதல் இரண்டு பெட்டி நாளை பார்சலில் வரும். லேபில் சினியைப் பிடித்து உலுக்கினேன், அவள் கையில் இருந்த பல் கீழே விழுந்து, இருவரும் மேஜைக்கடியில் தேடினோம்.

வீட்டில் சொன்னேன். அப்பா, "கொள்ளாம்" என்றார். அம்மா, "ம்" என்றாள். அந்த ம் என்ன ம் என்று தெரியவில்லை. ஷார்ஜா பற்றி நான் பேசவில்லை. தைரியம் இல்லை.

ஜூலை 31, வியாழன்

இன்றுதான் கடைசி நாள். எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா, எனக்கு இங்கேயே வேலை இருக்கிறது. அம்மா, நான் ஒரு வருஷம் பார்க்கிறேன். அம்மா, கோபப்படாமல் கேள். எல்லாமே வாய்க்குள் மோசமாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே அவள் குரல் கேட்டது. போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ரப்பர்மரச் சட்டம், அதில் வரிசையாக நண்டுகள். இடக்கையில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இல்ல பொன்னுதாசே, அவளுக்கு வரப்பற்றாது. நீ அங்க வேற ஆளப் பாரு... கோவம் ஒண்ணும் இல்ல... எலே, நான் சொல்லுகதக் கேளு. இஞ்ச நண்டு மாத்திரம் முப்பத்திரண்டு கெடக்கு. பின்ன அந்தக் கள்ளன்மாரு நாப்பது. அவளும் போயிட்டா நான் ஒற்றைக்கு என்னத்தச் செய்ய."

நான் வாசலிலேயே நின்றேன். அவள் போனை வைத்துவிட்டு, கையில் இருந்த நண்டைச் சட்டத்தில் நிறுத்தி, அடுத்ததை எடுத்தாள்.

"என்ன நிக்குத? கறுப்பு தீந்து போச்சு. எடுத்துக்கிட்டு வா."